மரவள்ளிக்கிழங்கும் என் கணவரும்



சென்ற பள்ளி விடுமுறையின்போது எங்கள் வீட்டில் ஓர் இரவு உணவுவேளையில் சிறு மனத்தாங்கல் ஏற்பட்டது. சண்டை என்று சொன்னால் மிகையாகும். சாப்பிட உட்கார்ந்த என் கணவர் தம் முன்னால் இருந்த தட்டை மேசையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டு ஏன் நகர்ந்தது என்று தேடப் போன நான், எண்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு காலத்தில் போய் நின்றேன். வரலாறு பாடநூலில் மட்டும் இல்லை, நம் வீட்டுச் சோற்றுப் பானையிலும் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் எங்கள் வீட்டு நிலையைச் சொல்லிவிடுகிறேன். புதிய சமையலைச் செய்து பார்ப்பதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. அதற்கென்றே ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் வைத்திருக்கிறேன். சக ஆசிரியைகள் சொல்லும் குறிப்புகளை அதில் எழுதி, வெள்ளி இரவுகளில் ஒன்றைச் செய்து பார்ப்பது வழக்கம். என் கணவரோ நேர்மாறானவர். இரவில் அவருக்குச் சோறு வேண்டும். சோற்றுக்கு ஒரு குழம்பு, ஒரு பிரட்டல், ஓர் அப்பளம் போதும். சேமியா உப்புமாவைக் கண்டால், “இது பசியாறுவதற்குத்தானே, சாப்பாடு எங்கே?” என்பார். பாஸ்தா செய்த இரவில் இரண்டு வாய் உண்டுவிட்டு, சமையலறைக்குச் சென்று மதியச் சோற்றில் மோர் ஊற்றிக் கொண்டு வந்தார். கோபப்படமாட்டார், குறை சொல்லமாட்டார், உண்ணவும் மாட்டார்.

இத்தனை ஆண்டுகளாக இதனை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் அண்மையில் என் மகன், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, “எனக்கும் வேண்டாம், நானும் அப்பா மாதிரிதான்” என்று சொல்லத் தொடங்கினான். அப்போதுதான் இது வேடிக்கையன்று என்று தோன்றியது. நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே பிள்ளைகள் கற்கின்றனர் என்று பெற்றோர் சந்திப்பில் பிறருக்குச் சொல்பவள் நான். அந்தப் பாடம் என் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது.

அந்த வெள்ளியன்று நான் செய்தது மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். பள்ளியில் என்னோடு பணிபுரியும் மலையாள ஆசிரியை ஒருவர் சொல்லித் தந்தது. கிழங்கை வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள் அரைத்துப் போட்டு மசித்து, புளிப்பும் காரமுமான மீன்கறியோடு பரிமாறுவார்கள். வீடே மணந்தது. என் கணவர் தட்டைப் பார்த்தார். “இது நம்ம சாப்பாடு இல்லையேம்மா” என்று மெல்லச் சொல்லி, தட்டை நகர்த்தி வைத்தார். என் மகனும் அப்படியே நகர்த்தினான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியைக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாள்? பாடம் நடத்துவாள். நானும் நடத்தினேன்.

நம் சாப்பாடு எது?

“நம் சாப்பாடு” என்று நாம் நம்பும் தட்டில் எத்தனை விருந்தாளிகள் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

மிளகாயை எடுத்துக்கொள்வோம். அது இல்லாமல் நமக்குக் குழம்பில்லை, சம்பல் இல்லை, ஊறுகாய் இல்லை. ஆனால் மிளகாய் நம் மண்ணில் தோன்றியதன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தின் தீவுகளை அடைந்தார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். போர்த்துகீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றினர். அவர்களின் கப்பல் வழிகளின் ஊடாகவே மிளகாய் இந்தியாவுக்கும் இந்த மலாய் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது.

அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு என்ன செய்தனர்? மிளகைப் பயன்படுத்தினர். சங்க இலக்கியத்தில் “கறி” என்ற சொல்லே மிளகைக் குறிக்கிறது. யவனர் பொன்னைக் கொண்டுவந்து கொடுத்து மிளகை வாங்கிச் சென்றதை அகநானூறு குறிப்பிடுகிறது. புதிய காய் வந்தபோது, பழகிய மிளகின் பெயரையே அதற்கும் ஒட்டி “மிளகாய்” என்றனர். மலாய்க்காரர்களும் இதையேதான் செய்தனர். இன்று மிளகாயைக் குறிக்கும் “சபாய்” என்ற சொல் முன்பு திப்பிலி வகையைக் குறித்தது. அறிமுகமில்லாத பொருளுக்கு அறிமுகமான பெயரைச் சூட்டி வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது இரு இனத்தாரும் கையாண்ட வழி.

தக்காளியும் அப்படியே. மணத்தக்காளி போன்ற சிறு பழங்கள் நமக்குப் பழையவை. இன்று நாம் ரசத்தில் பிழியும் பெரிய தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதனைச் “சீமைத் தக்காளி” என்று அழைத்த காலம் உண்டு. நாளடைவில் “சீமை” உதிர்ந்துபோய், வந்தவரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார். உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. நிலக்கடலை, அன்னாசி, பப்பாளி, கொய்யா, முந்திரி எல்லாமே அந்தக் கண்டத்துச் சரக்குகள்தாம்.

சில தமிழ்க் குடும்பங்களில் முன்னோருக்குத் திதி கொடுக்கும் நாளில் மிளகாயோ தக்காளியோ உருளைக்கிழங்கோ சேர்ப்பதில்லை. மிளகு, வாழைக்காய், சேப்பங்கிழங்கு முதலியவற்றையே சமைக்கின்றனர். காலத்தால் பிந்தி வந்தவை எவை என்பதை அந்தப் படையல் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது எனலாம்.

இவற்றையெல்லாம் அன்றிரவு என் கணவரிடம் பிள்ளைகள் முன்னிலையில் அடுக்கினேன். “அப்படியானால் மிளகாயையும் நகர்த்தி வையுங்கள்” என்றேன். பிள்ளைகள் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டார். நான் வாதத்தில் வென்றேன். ஆனால் மேசையில் மூன்று தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன.

மலாயா அடுப்பங்கரை

நம் நாட்டுத் தமிழர் சமையலே புதியதை ஏற்ற சமையல்தான் என்பதை மறக்கக்கூடாது. தோட்டத்து லயங்களில் அடுப்பு மூட்டிய பெண்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த கைப்பக்குவத்தை இங்குக் கிடைத்த பொருள்களோடு சேர்த்தனர். கங்கோங் கீரை பொரியலானது. பிளாச்சான் சம்பல் நம் அம்மியில் அரைபட்டது. சீனரின் தவ்பூ மஞ்சள்பொடி பூசிக்கொண்டு நம் எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கியது.

டின் மீனை நினைத்துப் பாருங்கள். சார்டின் குழம்பு இல்லாத மலேசியத் தமிழர் வீடு உண்டா? சேவல் சின்னம் பொறித்த அந்த டின்னை விற்கும் நிறுவனத்தை 1892இல் சிங்கப்பூரில் தொடங்கியவர் அல்ஃப்ரெட் க்ளூவே என்னும் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக்காரர் தொடங்கிய கடையின் மீன், மலாய்ச் சேவலின் பெயரோடு, தமிழச்சியின் புளியிலும் கறிவேப்பிலையிலும் கொதித்து “நம் சாப்பாடு” ஆனது. என் கணவருக்கு மிகப் பிடித்த குழம்பும் அதுவே!

மீ கோரிங்கும் இப்படிப்பட்டதே. “மீ” ஹொக்கியன் சொல். “கோரிங்” மலாய்ச் சொல். அதனை மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் பிரட்டி விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். மாலையில் குடிக்கும் மைலோ 1934இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. இவற்றுள் ஒன்றையும் நம் கொள்ளுப்பாட்டி ஊரில் கண்டிருக்கமாட்டார்.

இவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் யார்? அரசர்களோ அறிஞர்களோ அல்லர். மாலையில் வேலை முடிந்து வந்து, இருப்பதை வைத்து இரவு உணவு ஆக்கிய பெண்கள். அவர்களின் பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. ஒருமுறை செய்து, கணவர் முகம் சுளித்தால், அடுத்த முறை புளியைக் கூட்டி, காரத்தைக் குறைத்து மீண்டும் செய்தவர்கள் அவர்கள்.

1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி வெளியிட்ட சமையல் நூலுக்கு “சமைத்துப் பார்” என்று பெயர். எத்துணைப் பொருத்தமான தலைப்பு! சமை, பிறகு பார். பக்கத்தில் இருந்து சொல்லித்தர மாமியாரோ தாயோ இல்லாத இளம் மனைவியருக்கு அந்நூல் துணையாய் இருந்தது. சமையல் என்பது பிறக்கும்போதே கைவருவதன்று, ஒவ்வொரு தலைமுறையும் செய்து பார்த்தே கற்றுக்கொள்வது என்பதை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது.

உண்ண மறுத்த நாடுகள்

புதிய உணவை மறுப்பது என் கணவரின் தனிக்குணமன்று. நாடுகளே மறுத்திருக்கின்றன.

பிரான்சு நாட்டில் உருளைக்கிழங்கை நெடுங்காலம் மனிதர் உண்ணத் தகாததாகவே பலரும் கருதினர். அதனைப் பரப்பப் பாடுபட்டவர் பார்மாந்தியே என்னும் மருந்தியலாளர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டபோது அவருக்கு அந்தக் கிழங்கே உணவாகத் தரப்பட்டது. விடுதலையாகி வந்தபின் அதன் நன்மையை எடுத்துச் சொல்வதையே தம் பணியாகக் கொண்டார். பாரிஸ் அருகே கிழங்கு பயிரிட்ட நிலத்துக்குப் பகலில் காவல் போட்டு, இரவில் காவலை விலக்கிக்கொண்டார் என்றும், ஏதோ விலையுயர்ந்த பொருள் என்று எண்ணி மக்கள் திருடிச் சென்று உண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

மரவள்ளிக்கிழங்கின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. அது பிரேசில் பகுதியைச் சேர்ந்த பயிர். போர்த்துகீசியரால் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்தில் மக்களுக்குக் கைகொடுக்கும் என்று கருதி அதனைப் பயிரிட ஊக்குவித்தார். மக்கள் அஞ்சினர். அச்சத்திலும் நியாயம் உண்டு. மரவள்ளியின் சில வகைகளில் நஞ்சாக மாறக்கூடிய பொருள் மிகுதி. தோலைச் சீவி, ஊறவைத்து, நன்கு வேகவைத்து, நீரை வடித்தே உண்ணவேண்டும். மகாராஜா அரண்மனையிலேயே கிழங்கைச் சமைக்கச் செய்து தாம் உண்டு காட்டினார் என்று கேரளத்தில் செவிவழிச் செய்தி உண்டு. உண்மையோ கதையோ, அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆணையிடுவதைவிட உடன் அமர்ந்து உண்பது வலிமையானது.

இந்தச் செய்திகளை எல்லாம் விடுமுறை முழுவதும் படித்துச் சேர்த்தேன். என் கணவரிடம் இன்னொரு சுற்று வாதத்துக்கு ஆயத்தமானேன். அதற்குள் என் மாமியார் எங்களைப் பார்க்க வந்தார். நடந்ததை அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“ஊபிக்கிழங்கா செஞ்சே? அவன் எப்படிம்மா சாப்பிடுவான்? அவன் பாட்டி கையில வளர்ந்தவனாச்சே” என்றார்.

பாட்டி விதித்த சட்டம்

என் கணவர் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தாயும் தந்தையும் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விடுவர். அவரை வளர்த்தவர் தந்தையைப் பெற்ற பாட்டி. நான் மருமகளாக வருவதற்கு முன்பே பாட்டி மறைந்துவிட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் தொங்கும் ஒரு படம்தான்.

அத்தை சொன்னதைச் சொல்வதற்கு முன், அந்தக் காலத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா போருக்கு முன்பே தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. ரப்பரையும் ஈயத்தையும் விற்று அரிசி வாங்கிய நாடு இது. போரால் ரப்பர் வாணிபம் நின்றது. கப்பல் போக்குவரத்துக் குலைந்தது. அரிசி வரத்துச் சுருங்கியது. பங்கீட்டில் கொடுத்த அரிசியின் அளவும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரப் பண நோட்டுகளின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. கள்ளச்சந்தை அரிசியை ஏழைத் தொழிலாளி நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

அப்போது மலாயா மக்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது மரவள்ளிக்கிழங்கு. தண்டை ஒடித்து நட்டால் வளரும். வளமற்ற மண்ணிலும் விளையும். ஓராண்டுக்குள் தோண்டி எடுக்கலாம். வீட்டு வாசலிலும் தோட்டத்து நிலங்களிலும் அதனையே நட்டனர். வேகவைத்துத் தின்றனர், காயவைத்து மாவாக்கி ரொட்டியும் மீயும் செய்தனர். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயில் சமைத்தனர். கிழங்கு வயிற்றை நிரப்பியது, உடலை வளர்க்கவில்லை. அதில் மாவுச்சத்தைத் தவிரப் புரதம் மிகச் சொற்பம். கைகால் வீங்கியும் புண் ஆறாமலும் மக்கள் துன்புற்றனர்.

அதே காலத்தில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடப்பட்டது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வராதவர் ஆயிரமாயிரம் பேர். நம்மவர் அதனைச் சயாம் மரண ரயில் என்றே குறிப்பிடுகின்றனர்.

பாட்டிக்கு அப்போது பதினேழு வயதிருக்கும் என்றார் அத்தை. பாட்டியின் அண்ணனும் அந்த ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர். அழைத்துப் போவதற்கு முந்திய இரவு வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பாட்டி அண்ணனுக்கு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத்தான் தட்டில் வைத்தார். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் படுத்தார். விடியலில் போனார். திரும்பவில்லை.

“ஒரு பிடி சோறு போட்டு அனுப்ப முடியலையேன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் அந்தக் கிழங்கு வீட்டுக்குள்ள வந்ததே இல்ல. ராத்திரிக்குச் சோறு இல்லாம யாரும் படுக்கக் கூடாதுன்னு அவங்க வச்சதுதான் சட்டம். நான் மருமகளா வந்த புதுசுல ஒருநாள் கோதுமைத் தோசை சுட்டேன். தோசைய ஓரமா வச்சிட்டு, அந்த நேரத்துல உலை வச்சாங்க” என்றார் அத்தை.

நான் வாயடைத்துப் போனேன். போர்த்துகீசியர் கப்பலிலிருந்து பிரஷ்யச் சிறை வரைக்கும் தேடிய எனக்கு, என் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்திடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. “இது நம்ம சாப்பாடு இல்லை” என்று என் கணவர் சொன்னது, மிளகாய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சொன்ன சொல்லன்று. பாட்டியின் மடியில் உட்கார்ந்து கற்ற சொல். இரவில் சோறு வேண்டும் என்பது அவருடைய பிடிவாதமும் அன்று. ஒரு தங்கை தன் அண்ணனுக்குப் போட முடியாத சோற்றை அதற்குப் பின் ஒவ்வோர் இரவும் போட்டு வந்திருக்கிறாள். அந்தச் சோற்றையே என் கணவர் தின்று வளர்ந்திருக்கிறார்.

அவரிடம் கேட்டேன். “முன்பே சொல்லியிருக்கலாமே?” “என்னன்னு சொல்றது? பாட்டி அழுவாங்க, அதுதான் எனக்குத் தெரியும். கிழங்கைப் பார்த்தா அந்த ஞாபகம் வரும்” என்றார்.

ஒரே கிழங்கு, இரண்டு நினைவுகள்

பிறகு ஒன்றை எண்ணிப் பார்த்தேன். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது திருவிதாங்கூருக்கும் பர்மா அரிசி வருவது நின்றது. அங்கும் மரவள்ளிக்கிழங்கே மக்களைக் காப்பாற்றியது. ஆனால் இன்று கேரளத்தவர் கிழங்கும் மீன்கறியும் என்றால் முகம் மலர்கின்றனர். எனக்கு அதனைச் சொல்லித்தந்த ஆசிரியை, தம் அம்மாவின் கையை நினைத்தே அதனைச் சமைக்கிறார். அதே போர், அதே பற்றாக்குறை, அதே கிழங்கு. ஒரு வீட்டில் அது விருந்து. இன்னொரு வீட்டில் ஈமச் சோறு.

ஏன் இந்த வேறுபாடு? என் சிற்றறிவுக்கு எட்டியது இது. திருவிதாங்கூரில் அந்தக் கிழங்கு போருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குள் வந்து பழகிவிட்டது. மீனோடும் தேங்காயோடும் உறவு கொண்டுவிட்டது. நம் தோட்டத்துத் தமிழர் பலருக்கோ அது முதன்முதலில் வயிறாறத் தின்னக் கிடைத்ததே சோற்றின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டுதான். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், நாளை யார் பெயரைக் கூப்பிடுவார்களோ என்ற அச்சத்தோடு தின்ற கிழங்கு அது. நாக்கு சுவையை மட்டும் நினைவில் வைப்பதில்லை. பக்கத்தில் யார் இருந்தார், யார் இல்லாமல் போனார் என்பதையும் சேர்த்தே வைக்கிறது.

எல்லா முதியவரும் அப்படியல்லர் என்பதையும் சொல்லவேண்டும். அக்காலத்தைக் கடந்தவர்களிலேயே கிழங்கை நன்றியோடு தின்றவர் உண்டு. “அதுதான் எங்களைக் காப்பாற்றியது” என்று சொன்ன மூதாட்டியை நானே அறிவேன். ஒரே துன்பத்திலிருந்து இருவர் இரு பாடங்களைக் கற்கலாம். அதனால்தான் யாருடைய மறுப்பையும் நாமே ஊகித்துவிடாமல் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

பெற்றோரும் ஆசிரியரும் கருதவேண்டியது

பிள்ளைகளின் உணவு மறுப்பைப் பற்றி ஆய்வுகள் பல உண்டு. லியான் பிர்ச் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அறிமுகமில்லாத உணவுகளைப் பல முறை சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். எந்த உணவை அதிக முறை சுவைத்தார்களோ அதனையே பின்னர் அதிகம் விரும்பினர். 1984இல் வந்த மற்றோர் ஆய்வு, பரிசு தருவதாகச் சொல்லியோ பாராட்டியோ ஒரு புதிய பானத்தைக் குடிக்கவைத்தால், பின்னர் அதன்மீது விருப்பம் குறைகிறது என்று காட்டியது. “கீரையைத் தின்றால்தான் ஐஸ்கிரீம்” என்று நாம் பேரம் பேசும்போது, கீரை ஒரு தண்டனை என்று நாமே கற்பித்துவிடுகிறோம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு செய்திகள். ஒன்று, புதிய உணவை மேசையில் அடிக்கடி வைக்கவேண்டும். ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது. பழகிய உணவும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மிளகாயும் தக்காளியும் சார்டினும் நம்மவரானது அப்படித்தான். ஒரே இரவில் யாரும் அவற்றைத் திணிக்கவில்லை. தலைமுறைக் கணக்கில் பொறுமையாகப் பரிமாறினார்கள்.

மற்றொன்று, மறுப்பவரைக் கேலி செய்வதற்கு முன் காரணத்தைக் கேட்கவேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பிள்ளை ஓர் உணவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், “என்ன நொட்டம்?” என்று கேட்பது எளிது. முன்பு நானும் அப்படிக் கேட்டவள்தான். அந்தப் பிள்ளையின் மறுப்புக்குப் பின்னால் ஒரு வயிற்றுவலி இருக்கலாம். வீட்டு விரதம் இருக்கலாம். அம்மா இல்லாத வீடு இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் என் வகுப்பில் ஒரு சிறு பணி கொடுத்தேன். “உங்கள் வீட்டில் ஒருவர் உண்ணாத ஓர் உணவைக் கண்டுபிடியுங்கள், ஏன் உண்பதில்லை என்று அவரிடமே கேட்டு எழுதி வாருங்கள்.” வழக்கமாக ஐந்து வரிக்கு மேல் எழுதாத பிள்ளைகளும் ஒரு பக்கம் எழுதி வந்தனர். வாய்மொழி வரலாறு என்ற பெரிய சொல்லை நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் செய்தது அதுதான். நீங்களும் உங்கள் வகுப்பில் முயன்று பார்க்கலாம்.

இனி, எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளியன்று, என் கணவரிடம் கேட்டுக்கொண்டு, மீண்டும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் செய்தேன். இந்த முறை சோறும் ஆக்கி வைத்தேன். சாப்பிட உட்காரும்போது அவர் பிள்ளைகளிடம் பாட்டியின் அண்ணனைப் பற்றிச் சொன்னார். எங்கள் பதினாறு ஆண்டு மணவாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. கதை முடிந்ததும் என் மகன், “நான் சாப்பிடலாமாப்பா?” என்று கேட்டான். “சாப்பிடுப்பா. உனக்கு மீன்கறி இருக்கு” என்றார் அவர். தாம் சோற்றில் அதே மீன்கறியை ஊற்றிக்கொண்டார்.

அவர் அன்றும் கிழங்கைத் தொடவில்லை. இன்றுவரை தொடவில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. ஆனால் சென்ற வாரம் இரவுச் சந்தைக்குப் போய்வந்தவரின் பையில், கீரைக்கட்டுக்கு அடியில் இரண்டு மரவள்ளிக்கிழங்குகள் இருந்தன. “பையனுக்குப் பிடிக்குதே” என்று சொல்லி மேசைமேல் வைத்தார். பயிற்சிப் புத்தகத்தில் அந்தக் குறிப்புக்குக் கீழே, எத்தனை பேருக்கு என்ற இடத்தில், “மூவருக்குக் கிழங்கு, ஒருவருக்குச் சோறு” என்று எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டு மேசையிலும் யாரேனும் ஒரு தட்டை நகர்த்தி வைப்பவர் இருப்பார். இன்றிரவு அவரிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள். முதியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கத் தவறியதுபோல் தவறவிட வேண்டாம்.